வெந்நீர் ஊற்றியும் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொள்வது ஏன்?

கேள்வி:
வணக்கம். ஆறு மாதங்களில் மூன்று முறை எங்கள் வீட்டுக் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டது. சமையலறைத் தொட்டியில் சல்லடை வைத்திருக்கிறோம். எண்ணெய்ப் பாத்திரங்களை வெந்நீரும் சோப்பும் விட்டே கழுவுகிறோம். குழந்தையைத் துடைக்கும் ஈரத்தாள்களைக்கூட ‘கழிப்பறையில் போடலாம்’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துத்தான் வாங்குகிறோம். எங்கே தவறு செய்கிறோம்?

மறுமொழி 1:
வெந்நீர் எண்ணெயைக் கரைப்பதில்லை. இளக்கிச் சற்றுத் தூரம் தள்ளிவிடுகிறது. குழாய்க்குள் போகப் போக நீர் ஆறிவிடுவதால், கொழுப்பு உட்சுவரில் மெழுகுபோல் படிந்து, நீரிலுள்ள கால்சியத்துடன் வினைபுரிந்து கெட்டியான சோப்புக்கட்டியாகவே மாறிவிடும். 2017இல் லண்டனின் வைட்சேப்பல் பகுதிச் சாக்கடையில் 250 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 130 டன் எடையும் கொண்ட அடைப்பு கண்டெடுக்கப்பட்டது. கொழுப்பும் ஈரத்தாள்களும் இறுகிச் சேர்ந்த கட்டி அது. ஆகவே பாத்திரத்தை நனைப்பதற்கு முன்பே பழைய காகிதத்தால் எண்ணெயை வழித்தெடுத்துக் குப்பையில் போடுங்கள். மிஞ்சிய எண்ணெயை ஆறவைத்து, மூடியுள்ள டப்பாவில் சேர்த்து அப்புறப்படுத்துங்கள்.

மறுமொழி 2:
அட்டையில் அச்சிட்டிருப்பதை நம்பி நானும் ஏமாந்தேன். எங்கள் வீட்டுச் சேம்பரை (கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் மூடியிட்ட தொட்டியை) திறந்தபோது, தலைமுடியோடு முறுக்கிக்கொண்டு சாம்பல் நிறக் கயிறுபோல் வெளிவந்த ஈரத்தாள்களில் பல, போட்டபோது இருந்தபடியே கிழியாமல் இருந்தன. இரண்டு பாட்டில்களில் நீர் நிரப்பி, ஒன்றில் கழிப்பறைக் காகிதத்தையும் மற்றொன்றில் ஈரத்தாளையும் இட்டுக் குலுக்கிப் பாருங்கள். முதலாவது கூழாகிவிடும், இரண்டாவது பெரும்பாலும் அப்படியே நிற்கும். சானிட்டரி நாப்கின் இன்னும் மோசம், நீரை உறிஞ்சிக் குழாய்க்குள்ளேயே ஊதிவிடும். கழிப்பறையிலேயே மூடியுள்ள சிறு குப்பைக்கூடை ஒன்றை வைத்த பிறகுதான் எங்கள் வீட்டில் இந்தப் பழக்கம் நின்றது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இப்போதைக்கு, கடையில் விற்கும் அடைப்பு நீக்கும் தூளைப் பயன்படுத்தலாமா?

மறுமொழி 3:
தயவுசெய்து வேண்டாம். அந்தத் தூளில் பெரும்பாலும் இருப்பது காஸ்டிக் சோடா என்னும் கடுங்காரம். அது நீரில் கரையும்போது கடும் வெப்பம் உண்டாகும்; அடைப்பு விலகாவிட்டால் அந்தக் காரநீர் குழாயிலேயே தேங்கி, அடுத்து கைவைக்கும் பிளம்பரின் தோலைப் பொசுக்கிவிடும். ஏற்கெனவே ஊற்றியிருந்தால் அவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஆசிட்டையும் பிளீச்சையும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வெளிப்படும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சமையலறைத் தொட்டி மட்டும் மெதுவாக வடிந்தால் கோளாறு அதன் அடிக்குழாயில் இருக்கலாம். கழிப்பறையில் தண்ணீர் விடும்போது குளியலறைத் துளையில் நீர் மேலேறினால் அடைப்பு பிரதானக் குழாயில்தான். மூன்று முறையும் ஒரே இடத்தில் அடைத்திருந்தால், குழாயின் சரிவு குறைந்திருக்கிறதா, இணைப்பு வழியே மரவேர் நுழைந்திருக்கிறதா என்று கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.