ராத்திரி போட்டுப் படுக்கிற லென்ஸ்: 9 வயசுப் பையனுக்குப் போடலாமுங்களா?

பல்லடம்_தறிக்காரர்:
வணக்கமுங்க. பையனுக்கு 9 வயசு. கிட்டப்பார்வை. போன வருசம் பவர் மைனஸ் 1.75, இப்ப 2.75. கோயமுத்தூர்ல பாத்த டாக்டர் ஆர்த்தோ-கே லென்ஸ் போடலாங்கறாருங்க. ராத்திரி போட்டுப் படுத்துக் காலையில கழட்டினா, பகல் முழுக்கக் கண்ணாடி வேண்டாமாம். வளர்ற கண்ணுல கருவிழியையே அமுக்கி வெச்சா என்னாகுமோன்னு எங்கம்மா ஒரே பிடியா வேண்டாங்கறாங்க. வீட்டை ஒட்டித் தறி, பஞ்சுத்தூசி வேற. போட்டுப் பாத்தவங்க சொல்லுங்க.

கோபி_அம்மா:
அண்ணா, எம் பொண்ணு 10 வயசுல ஆரம்பிச்சா, இப்ப 13. மொத ராத்திரி "கண்ணுல உமி விழுந்தாப்ல இருக்குதும்மா"ன்னு அழுதா. ஒரு வாரத்துல கண்ணாடி இல்லாமயே சத்தி பஸ் போர்டைப் படிச்சா. எனக்குத்தான் கண்ணு கலங்கிருச்சு.

ஆனா ரெண்டாவது வருசம் ஒரு ஞாயித்துக்கெழமை வலது கண்ணு செவந்து, வெளிச்சத்துல தொறக்கவே முடியல. தூசின்னு நெனச்சு மாமியார் நந்தியாவட்டைப் பூவை ஒத்தி வெச்சாங்க. அரை நாள் போச்சு. டாக்டர் சாயம் விட்டு நீல வெளிச்சத்துல காட்டினாரு. கருவிழி ஓரத்துல கடுகைவிடச் சின்னதாப் பச்சையா ஒரு புள்ளி, கிருமி தொத்தின புண்ணாம். "லென்ஸ் டப்பாவை எதுல கழுவறீங்க?"ன்னாரு. போர் தண்ணியிலதான்! லென்ஸ் குடுத்த எடத்துல "சுத்தமா வெச்சுக்கங்க"ன்னதோட சரி, தண்ணியே ஆகாதுன்னு ஒருத்தரும் சொல்லல. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கல. மணிக்கொருக்கா மருந்து, ராத்திரியும் எழுப்பி விட்டோம். தழும்பு ஓரத்தோட நின்னதால பார்வை தப்பிச்சுது.

இப்பவும் அவ லென்ஸ் போடறா. லென்ஸுக்கும் டப்பாவுக்கும் அதுக்குண்டான சொல்யூசன் மட்டுந்தான். கைய சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் தொடச்சுட்டுத்தான் தொடறது. காலையில சொட்டு மருந்து விட்டு, லென்ஸ் அசையுதான்னு பாத்துட்டுக் கழட்டுவேன். ஒட்டியிருக்கறதைப் பிடிச்சு இழுத்தா கருவிழித் தோல் உரியும்.

கோவை_கண்_பரிசோதகர்:
உங்கம்மா பயம் நியாயந்தாங்க. ஆனா அமுங்கறது கருவிழியோட மேல்தோல் மட்டும், அதுவும் மைக்ரான் கணக்குல, அதாவது மி.மீ.ல ஆயிரத்துல ஒரு பங்கு கணக்குல. நிறுத்தினா சில வாரத்துல பழைய வடிவத்துக்கு வந்துரும், பவரும் திரும்பிரும். நாங்க பாக்கறது கண்ணோட நீளத்தைத்தான். நீளம் கூடக்கூடத்தான் கிட்டப்பார்வை ஏறும், விழித்திரையும் இழுபடும். ஹாங்காங்ல 6 முதல் 10 வயசுப் பிள்ளைகளை ரெண்டு வருசம் பாத்து 2012-ல வெளியிட்டாங்க. கண்ணாடி போட்டவங்களுக்கு 0.63 மி.மீ. நீண்டுச்சு, இந்த லென்ஸ் போட்டவங்களுக்கு 0.36.

கிருமித்தொற்று அபூர்வம். 2013-ல அமெரிக்காவுல வந்த கணக்குப்படி, 10,000 பிள்ளைகள் ஒரு வருசம் போட்டா ஏறக்குறைய 14 பேருக்கு. ஆனா குழாத்தண்ணியில இருக்கற அகந்தமீபாங்கற நுண்ணுயிரி கண்ணுல வந்துட்டா மாசக்கணக்குல வைத்தியம். வீட்டுல தினமும் பக்கத்துல நின்னு பாக்க ஆள் இல்லைன்னா, கண்ணாடியோட, கிட்டப்பார்வை ஏறறதை மெதுவாக்கற குறைஞ்ச அளவு அட்ரோபின் சொட்டு மருந்தைப் பத்திக் கேளுங்க. எதுவானாலும் தினம் ரெண்டு மணி நேரம் வெளிச்சத்துல வெளையாடட்டும்.

பல்லடம்_தறிக்காரர்:
தண்ணி விசயம் இப்பத்தானுங்க தெரியுது. லீவுன்னா பையன் தாத்தா தோட்டத்துக் கெணத்துலயே கெடப்பான். நீச்சலை நிறுத்தணுங்களா?

கோபி_அம்மா:
வேண்டாங்கண்ணா, லென்ஸைக் கழட்டி வெச்சுட்டுக் குதிக்கட்டும். அன்னைக்குக் கண்ணு செவந்திருந்தா, ராத்திரி லென்ஸ் டப்பாவுலயே இருக்கட்டும். விடிஞ்சும் செவப்புப் போகலைன்னா டாக்டர்கிட்ட ஓடிருங்க, நந்தியாவட்டை வேண்டாம்.