பேஷன் ஃப்ரூட் கொடில தினமும் பூ பூக்குது, மறுநாளே கொட்டிடுது, ஒரு காய் கூட நிக்கல

பச்சைப்பந்தல்:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்குப் பின்னாடி இருக்கற காய்கறித் தோட்டத்துல 14 மாசத்துக்கு முன்னாடி ரெண்டு பேஷன் ஃப்ரூட் கொடி வெச்சேன், மஞ்சள் பழம் வர்ற வகை. தோழி ஒருத்தங்க அவங்க கொடில இருந்து வெட்டிக் கொடுத்த குச்சிதான், ரெண்டுமே நல்லா வேர் பிடிச்சு இப்போ பந்தல் முழுக்க மூடிடுச்சு, கீழ நின்னா வெயிலே தெரியாது. ஒரு சொட்டு கெமிக்கல் கூட இதுவரைக்கும் போட்டதில்ல, பசங்க பறிச்சு அப்படியே சாப்பிடணும்னுதான் இந்தக் கொடியே வெச்சேன். மக்கின மாட்டுச் சாணம் மாசா மாசம் ஒரு கூடை, 10 நாளைக்கு ஒரு தடவை மீன் அமிலம் (மீன் கழிவை வெல்லத்துல ஊற வெச்ச கரைசல்), வாரா வாரம் வேப்பெண்ணெய் ஸ்ப்ரே, இவ்ளோதான்.

ரெண்டு மாசமா பூ வருது. தினமும் 10, 15 பூ. மதியத்துக்கு மேல வந்து பார்த்தா அந்த ஊதா நார் எல்லாம் விரிச்சுக்கிட்டு வாசனையா அவ்ளோ அழகா இருக்கு, ராத்திரி மூடிக்குது, அடுத்த நாளோ அதுக்கு அடுத்த நாளோ காம்போட மஞ்சளாகி கீழ விழுந்துடுது. இன்னி வரைக்கும் ஒரு பிஞ்சு கூட பிடிக்கல. சத்து பத்தலையோன்னு சாணத்தை ரெண்டு கூடை ஆக்கினேன், இலைதான் இன்னும் பெருசா வருது. என் தோழி வீட்ல அதே கொடி கொத்து கொத்தா காய்க்குது, அதான் எனக்குப் புரியவே மாட்டேங்குது. சின்னவன் தினமும் ஸ்கூல் விட்டு வந்ததும் பந்தலுக்குக் கீழ போய் அண்ணாந்து பார்த்துட்டு வர்றான், பார்க்கவே கஷ்டமா இருக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மண்வாசம்:
சாணத்தையும் மீன் அமிலத்தையும் உடனே நிறுத்துங்க சிஸ்டர். ரெண்டுமே இலைக்குப் போற சத்துதான். கொடி காடு மாதிரி வளரும், காய்க்கு ஒண்ணும் மிஞ்சாது. விறகுச் சாம்பல் ரெண்டு கைப்பிடி வேரைச் சுத்தித் தூவி தண்ணி விடுங்க, வாழைப்பழத் தோலை உரத்துல போட்டு மக்க வைங்க.

தோட்டக்காரன்_பழசு:
சாம்பல் நல்லதுதான், ஆனா இவங்க பிரச்சினை அது இல்லன்னு நினைக்கறேன். இலைச்சத்து கூடிப் போனா பூவே குறையும். இவங்களுக்கு தினமும் 15 பூ வருது, கொடி தன் வேலையைச் சரியா செஞ்சுட்டுதான் இருக்கு. பூ வந்து மறுநாளே கொட்டுதுன்னா மகரந்தம் சேரலைன்னு அர்த்தம், வேற ஒண்ணும் இல்ல.

அம்மா, நீங்க சொன்னதுல ரெண்டு விஷயம் எனக்குப் பட்டுச்சு. ஒண்ணு மஞ்சள் வகை. ரெண்டாவது, ரெண்டு குச்சியும் ஒரே கொடில இருந்து வெட்டினது. ஊதாப் பழம் வர்ற வகைன்னா ஒத்தைக் கொடி இருந்தாலே பெரும்பாலும் காய்க்கும், தன் மகரந்தத்தையே ஏத்துக்கும். மஞ்சள் அப்படி இல்ல, தன் மகரந்தம் தன் பூவுல விழுந்தா அது எடுத்துக்காது. வேற கொடியோட மகரந்தம்தான் வேணும். இங்கதான் நிறைய பேர் ஏமாந்துடறாங்க, ரெண்டு கொடி இருக்கே போதாதான்னு நினைப்பாங்க, ஆனா ஒரே தாய்க்கொடில வெட்டின குச்சி எத்தனை நட்டாலும் அது எல்லாமே ஒரே செடி மாதிரிதான், பத்து இடத்துல வேர் விட்டிருக்கு அவ்ளோதான். உங்க பந்தல்ல ரெண்டு கொடி ஏறியிருக்கு, ஆனா கணக்குப்படி அது ஒரு கொடி.

உங்க தோழி வீட்ல எப்படிக் காய்க்குதுன்னா, பக்கத்துல எங்கயோ இன்னொரு கொடி இருக்கணும். கேட்டுப் பாருங்க.

பச்சைப்பந்தல்:
ஐயா, நீங்க சொன்ன மாதிரியே இப்போதான் போன் பண்ணி கேட்டேன், அவங்க காம்பவுண்ட் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மஞ்சள் கொடி இருக்காம், அது விதை போட்டு முளைச்சதாம்!! எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு. 14 மாசம் தண்ணி ஊத்தி வளர்த்துட்டேன், இப்போ வெட்டி எறியணுமா?

தோட்டக்காரன்_பழசு:
ஐயோ வெட்டிடாதீங்கம்மா, நல்ல கொடி. இன்னொண்ணு கூட சேர்க்கணும், அவ்ளோதான். நல்லாப் பழுத்த மஞ்சள் பழம் ஒண்ணு வாங்கி விதையைக் கழுவி, அந்த வழவழப்பு போக தேய்ச்சு, காய விடாம உடனே போடுங்க, புது விதைன்னா ரெண்டுல இருந்து நாலு வாரத்துல முளைக்கும். மூணு நாத்தாவது வைங்க, ஒண்ணு சேரலன்னாலும் இன்னொண்ணு சேரும். உங்க தோழி கொடியோட பழத்துல இருந்து எடுக்காதீங்க, வேற இடத்துப் பழமா இருந்தா இன்னும் நல்லது. விதைல இருந்து வந்தது பூக்க ஒரு வருஷம் கிட்ட ஆகும்.

அது வரைக்கும் காத்திருக்க வேணாம். தோழி வீட்டுக்குப் பக்கத்துல அந்த விதைக்கொடி இருக்குல்ல, அவங்ககிட்ட கேட்டு மதியம் 2 மணி வாக்குல விரிஞ்ச பூ நாலு பறிச்சு ஒரு டப்பால போட்டு எடுத்துட்டு வாங்க. மஞ்சள் வகை பூ மதியம்தான் விரியும், ராத்திரி 9, 10 மணிக்குள்ள மூடிடும், அந்த நேரத்துக்குள்ள வேலை முடியணும். மறுநாள் காலைல போய் நின்னா பிரயோஜனம் இல்ல. (ஊதா வகை நேர் எதிர், விடியக்காலைல விரிஞ்சு மதியத்துக்குள்ள மூடிக்கும்.)

பூவைக் கிட்ட வெச்சுப் பாருங்க. நடுவுல ஒரு தண்டு நிக்கும், அதுல அஞ்சு மஞ்சள் நாக்கு மாதிரி தொங்கும், அந்த நாக்குதான் மகரந்தப் பை, அதோட அடிப்பக்கம் விரல் வெச்சா மாவு மாதிரி ஒட்டும், அதான் மகரந்தம். அதுக்கு மேல குட்டி உருண்டை, அது பச்சைப் பிஞ்சு. பிஞ்சு மேல மூணு கொம்பு, ஒவ்வொண்ணு முனையிலயும் பொத்தான் மாதிரி ஒரு தலை. மகரந்தம் அந்த மூணு தலையிலயும் படணும். பூ விரிஞ்ச உடனே கொம்பு மூணும் மேல பார்த்து நிக்கும், ஒரு மணி நேரம் போல ஆனா மெல்ல வளைஞ்சு கீழ இறங்கி மகரந்தப் பை மட்டத்துக்கு வரும், அப்போ பண்ணுங்க. சில பூவுல கொம்பு கடைசி வரைக்கும் வளையாமலே நிக்கும், அதுல காய் பிடிக்காது, அந்தப் பூவை மகரந்தம் எடுக்க வெச்சுக்கலாம். பிரஷ் கூட வேணாம், கொண்டு வந்த பூவோட மகரந்தப் பையைக் கிள்ளி எடுத்து உங்க பூவோட மூணு தலையிலயும் மஞ்சளா தெரியற அளவுக்கு அழுத்தித் தேய்ங்க. கொஞ்சமா பட்டாலும் காய் பிடிச்சுடும், ஆனா உள்ள விதை குறைவா இருக்கும், விதையைச் சுத்திதானே சாறு, அதனால வெளில பெருசா தெரிஞ்சு வெட்டினா காலியா இருக்கும்.

ஈரமண்:
தோட்டக்காரன் சார் சொன்னதுக்கு மேல ஒண்ணு. வேப்பெண்ணெய் எந்த நேரத்துல அடிக்கறீங்க? மகரந்தம் நனைஞ்சா வெடிச்சு வீணாப் போயிடும், மழை பெய்யற மதியத்துல காய் பிடிக்காததுக்கும் இதான் காரணம். மகரந்தம் சேர்த்து ரெண்டு மணி நேரம் தாண்டிட்டா அப்புறம் மழை வந்தாலும் பயமில்ல.

பச்சைப்பந்தல்:
ஞாயித்துக்கிழமை மதியம் தூங்கி எழுந்து 4 மணிக்குதான் அடிப்பேன்... பூ மேலயும் சேர்த்துதான் அடிச்சிருக்கேன்.

ஈரமண்:
அதை இன்னியோட விடுங்க அக்கா. பூச்சி நிஜமாவே இருந்தா மட்டும் அடிங்க, அதுவும் காலைல சீக்கிரம், பூ விரியறதுக்கு முன்னாடி. வாரா வாரம் அடிக்கறதுல கருவண்டும் கிட்ட வராது. இந்தப் பூவுக்குப் பொருத்தமான ஆள் அதுதான், அந்தப் பெரிய கருப்பு வண்டு, காஞ்ச மரத்துல ஓட்டை போட்டு இருக்குமே அது. தேன் குடிக்க உள்ள தலையை விடும்போது முதுகு மகரந்தப் பைல உரசும், அடுத்த பூவுக்குப் போகும்போது அதே முதுகு கொம்புல உரசும், அளவெடுத்து செஞ்ச மாதிரி இருக்கும். சின்னத் தேனீ அந்த உசரத்துக்கு எட்டாது, மகரந்தத்தை மட்டும் அள்ளிட்டுப் போயிடும். எங்க தோட்டத்துல ஒரு பட்ட மரக்கட்டையை வெட்டி எறியாம பந்தல் ஓரத்துலயே சாய்ச்சு வெச்சோம், அடுத்த சீசன்ல அதுல துளை போட்டு குடி வந்துடுச்சு, அதுக்கப்புறம் நாங்க கையால பண்றதே இல்ல.

எறும்பு நிறைய ஏறும், அதுக்கும் பயந்து எதுவும் அடிச்சுடாதீங்க. இலைக் காம்புல ரெண்டு குட்டி மச்சம் மாதிரி இருக்கும் பாருங்க, அதுல தேன் சுரக்கும், எறும்பு அதுக்குதான் வருது. மாவுப்பூச்சி கூட சேர்ந்து இருந்தா மட்டும் கவனிங்க.

மண்வாசம்:
சரிங்க, நான் உரத்தை மட்டும்தான் யோசிச்சேன், மகரந்த விஷயம் எனக்கே புதுசு. ஆனாலும் அந்தப் பந்தலை லேசா கழிச்சு விடுங்க சிஸ்டர், கீழ வெயிலே தெரியலன்னு சொன்னீங்களே. புதுசா வர்ற கிளைலதான் பூ வரும், உள்ள அடைஞ்சு கிடக்கற பழைய காஞ்ச கொடியை எடுத்தா வெளிச்சம் காத்து ரெண்டும் போகும். பெரிய வெட்டு எதுவும் வேணாம், இப்போ பூ இருக்கற நேரம். தண்ணியையும் விட்டு விட்டு ஊத்தாதீங்க, வேர் மேலாக்கதான் ஓடும், ரெண்டு நாள் காஞ்சாலே பிஞ்சு உதிரும். சருகை வேரைச் சுத்தி நல்லா போட்டு மூடுங்க, தண்டுல ஒட்டாம ஒரு ஜான் தள்ளி, இல்லன்னா அடித்தண்டு அழுகிடும்.

பச்சைப்பந்தல்:
மூணு வாரம் கழிச்சு வர்றேன், எல்லாருக்கும் சொல்லணும்னு ஓடி வந்தேன். அந்தப் பக்கத்து வீட்டு அம்மா பாவம் ரொம்ப நல்லவங்க, எவ்ளோ பூ வேணும்னாலும் எடுத்துக்கோங்கன்னுட்டாங்க. முதல் நாள் 11 பூவுக்குப் பண்ணேன், பெரியவ டப்பாவைப் பிடிச்சுக்கிட்டா, சின்னவன் ஸ்டூல்ல ஏறி பூவை எண்ணிக்கிட்டு ஒவ்வொண்ணு காம்புலயும் சிவப்பு நூல் கட்டினான் எது எதுக்குப் பண்ணோம்னு தெரியணும்னு. மூணாவது நாள் பார்த்தா நூல் கட்டாத பூ எல்லாம் கீழ, நூல் கட்டினதுல 8 அப்படியே நிக்குது, பூ வாடி பேப்பர் மாதிரி சுருங்கிப் போச்சு ஆனா நடுவுல பச்சை உருண்டை மிளகு சைஸ்ல இருந்து கோலிக்குண்டு ஆகியிருந்துச்சு. இப்போ கோழிமுட்டை அளவு, பளபளன்னு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. அதுக்கப்புறம் தினமும் மதியம் இதே வேலைதான், இப்போ 40 காய் கிட்ட இருக்கு. விதையும் போட்டாச்சு, நேத்துதான் ரெண்டு தலை எட்டிப் பார்க்குது.

ஒரு சந்தேகம், காய் இவ்ளோ பெருசாயிடுச்சே, பறிக்கலாமா? சின்னவன் தினமும் கேக்கறான்.

தோட்டக்காரன்_பழசு:
ரொம்ப சந்தோஷம்மா. பறிக்கக் கூடாது. மூணு வாரத்துல சைஸ் முழுசா வந்துடும், ஆனா உள்ள சாறு நிறைஞ்சு பழுக்க பூ பூத்த நாள்ல இருந்து 60, 70 நாள் ஆகும். பச்சைக் காயைப் பசங்க கடிச்சுடாம பார்த்துக்கோங்க, பழுக்காத காயிலயும் இலையிலயும் சயனைடு வரவைக்கற பொருள் இருக்கு, பழுத்தா அந்தப் பயம் இல்ல. நீங்க பறிக்க வேண்டிய அவசியமே இல்ல, மஞ்சளாகி நல்லாப் பழுத்ததும் அதுவே கழண்டு விழும். கீழ சருகு மெத்தையா போட்டு வைங்க, இல்ல பழைய வலை ஒண்ணு பந்தலுக்குக் கீழ கட்டுங்க, காலைல போய் பொறுக்கிட்டு வர்ற வேலையைச் சின்னவன்கிட்ட கொடுங்க. விழுந்ததை ரெண்டு மூணு நாள் வெளில வெச்சா தோல் சுருங்கும், கெட்டுப் போச்சுன்னு எறிஞ்சுடாதீங்க, அப்போதான் புளிப்பு இறங்கி இனிப்பா இருக்கும்.

பச்சைப்பந்தல்:
வலை இன்னிக்கே கட்டிடறேன் ஐயா. முதல் பழம் விழுந்ததும் இங்க போட்டோ போடறேன்.