4,200 ரூபாய்க்கு ஓர் அரசாணிக்காய்

அஸ்தம்பட்டியிலிருந்து:

போன வருஷம் சேலத்தில், எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகையில் (விளைச்சலுக்கு நன்றி சொல்லிக் காணிக்கை படைக்கும் நாள்) நடந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். மற்றவர்களுக்கும் இப்படி ஏதாவது நேர்ந்திருக்கும், அவர்களும் சொல்லட்டும் என்றுதான் ஆரம்பிக்கிறேன்.

ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் காணிக்கைப் பொருட்களை ஏலம் விடுவார்கள். வாழைத்தார், தேங்காய், நாட்டுக்கோழி, ஏற்காட்டிலிருந்து வரும் மிளகு, காபிக்கொட்டை, யாரோ ஆசையாகச் செய்து கொண்டுவந்த கேக். அன்றைக்கு ஓர் அரசாணிக்காயும் (பறங்கிக்காய்) இருந்தது. உழவர் சந்தையில் நூறு ரூபாய்கூட ஆகாது. நான் 200 என்றேன். பின்வரிசையிலிருந்து 300 என்று ஒரு குரல். திரும்பாமலேயே தெரிந்தது, கமிட்டித் தேர்தலில் என்னை ஒன்பது ஓட்டில் தோற்கடித்தவர். அப்புறம் கையைத் தூக்கியது நான்தானா என்று எனக்கே சந்தேகம். 1,000, 1,500, 3,000... 4,200-ல் அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். ஒரே கைதட்டல். "கர்த்தர் அண்ணனை ஆசீர்வதிப்பாராக" என்று மைக்கில் வேறு. காயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி ஸ்கூட்டர் வரைக்கும் நடந்தேன்.

ராத்திரி அதை வெட்டிக்கொண்டே மனைவி கேட்டாள்: "ஏங்க, அவரு இன்னைக்குக் கோயிலுக்கே வரலைன்னா இதை எவ்வளவுக்குக் கேட்டிருப்பீங்க?"

"ஐந்நூறு இருக்கும்."

"சரி, ஐந்நூறு கர்த்தருக்கு. மீதி மூவாயிரத்து எழுநூறை யாருக்குக் குடுத்தீங்க?"

வாயைத் திறக்க முடியவில்லை. "மனுஷனுடைய வழிகளெல்லாம் அவன் பார்வைக்குச் சுத்தமானவைகள், கர்த்தரோ ஆவிகளை நிறுத்துப்பார்க்கிறார்." நீதிமொழிகள் 16:2. ஓய்வுநாள் பள்ளியில் இதை மனப்பாடமாகச் சொல்லிப் பரிசே வாங்கியிருக்கிறேன். அந்தப் பரிசு எதற்காக வேண்டியிருந்தது என்று கேட்டால் அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் பாதிக் காயை அவர் வீட்டுக்குக் கொண்டுபோகக் கிளம்பினேன். "இது சமாதானத்துக்கா, இல்லை இன்னொரு தடவை ஜெயிக்கிறதுக்கா?" என்றாள். காய் ஃப்ரிட்ஜிலேயே கிடந்து வீணாய்ப்போனது.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

அண்ணா, முதலில் சிரித்துவிட்டேன். அப்புறம் என் கதை ஞாபகம் வந்துவிட்டது.

நான் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறவள். "வெள்ளியைக் குகையும், பொன்னைப் புடமும் சோதிக்கும்" என்று நீதிமொழிகளில் சின்ன வயதில் படித்தபோது, வெள்ளியை ஏன் மலைக்குகைக்குள் கொண்டுபோகிறார்கள் என்று விளங்கவே இல்லை. உருக்குகிற மூசைக்குத்தான் அந்தப் பெயர் என்று பட்டறைக்கு வந்தபிறகு தெரிந்தது. வெங்காரம் போட்டு உருக்கினால் அழுக்கு மேலே வந்து மிதக்கும், ஒதுக்கிவிடலாம். செம்பு அப்படி வராது. வெள்ளியோடு வெள்ளியாக நின்றுகொள்ளும். டச் (சுத்தத்தின் அளவு) பார்த்தால்தான் எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெரியும்.

எங்களோடு வேலை பார்த்த ஒரு பெண்ணின் கணவர் திடீரென்று இறந்துபோனார். அவள் மகளின் பள்ளிக்கூடக் கட்டணத்தை நானே கட்டினேன். யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவளிடம் சத்தியமே வாங்கினேன். வலதுகை செய்வது இடதுகைக்குத் தெரியாமல் நடக்கிறது என்று உள்ளுக்குள் ஒரு பெருமை. மூன்று மாதம் நன்றாகப் போனது. ஒருநாள் பெண்கள் ஐக்கியத்தில் வேறொரு அக்காவை எழுப்பி நிறுத்தி நன்றி சொன்னார்கள், ஏதோ இரண்டு புடவை கொடுத்ததற்கு. எனக்குப் பாட்டே வாயில் வரவில்லை. ஜெபக் குறிப்பு கேட்டபோது எழுந்து, "அந்தப் பிள்ளையோட படிப்புக்காக ஜெபிச்சுக்குங்க, இப்போதைக்கு நாங்கதான் பார்த்துக்கறோம்" என்றேன்.

ஜெபக் குறிப்பு! அந்தப் பெண் இரண்டு வரிசை முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த மாதம் கட்டணத்தைத் தானே கட்டிவிட்டதாகச் சொல்லி அனுப்பினாள்.

சுத்த வெள்ளியில் கொலுசு செய்தால் வளைந்துவிடும், கொஞ்சம் செம்பு இருந்தால்தான் நிற்கும் என்று எங்கள் முதலாளி சொல்வார். அதை வைத்து மனதைச் சமாதானப்படுத்திப் பார்த்தேன். ஒட்டவில்லை.

ஏற்காட்டிலிருந்து:

உங்கள் இருவருடையதற்கும் நேர் எதிர் என்னுடையது. பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எஸ்டேட் குடியிருப்பில் பிள்ளைகளுக்கு வேதாகம வகுப்பு எடுத்துவந்தேன். ஒரு தியானக் கூடுகையில் உள்நோக்கத்தைப் பற்றிச் செய்தி கேட்டுவிட்டு வந்து, பாராட்டு இல்லாவிட்டால் இந்த வகுப்புக்குப் போவாயா என்று என்னையே கேட்டேன். மாட்டேன் என்றுதான் பதில் வந்தது. சரி, மனம் சுத்தமாகட்டும், அப்புறம் போகலாம் என்று நிறுத்திவிட்டேன்.

ஆறு மாதம். தினமும் ராத்திரி ஒரு நோட்டில் என் எண்ணங்களை எழுதி ஆராய்ந்தேன். நோட்டு நிறைந்தது. இவ்வளவு நேர்மையாக யார் எழுதுவார்கள் என்று அந்த நோட்டின்மேலேயே ஒரு பெருமை வந்ததுதான் கொடுமை.

ஜனவரியில், காபிப்பழம் பறிக்கிற நாட்களில், பனி விலகாத காலையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பாட்டி என்னை நிறுத்தினார். ஏன் வருவதில்லை என்று கேட்டார். மனசு சரியில்லை, எதற்காக வருகிறேன் என்று எனக்கே தெரியவில்லை என்று ஏதோ சொன்னேன். "நீங்க எதுக்கு வந்தீங்கன்னு புள்ளைங்களுக்குத் தெரியாது சார். வரலைன்னு தெரியும்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு போனேன். சிறையிலிருந்த பவுல், சிலர் பொறாமையினால் பிரசங்கிக்கிறார்கள் என்று தெரிந்தும், எப்படியானாலும் கிறிஸ்து அறிவிக்கப்படுகிறாரே என்று சந்தோஷப்பட்டதைப் பிலிப்பியரில் எத்தனை தடவை வாசித்திருப்பேன்! பாராட்டு இன்னமும் பிடிக்கத்தான் செய்கிறது. போகும் வழியிலேயே அதைக் கர்த்தரிடம் சொல்லிவிடுகிறேன். "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்" என்றுதானே சங்கீதம் 139 முடிவில் இருக்கிறது? ஆராய்கிற வேலை அவருடையது. நான் நோட்டை மூடிவைத்துவிட்டேன்.

மறுபடியும் அஸ்தம்பட்டி:

ஐயா, அந்தப் பாட்டி சொன்னதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். இந்த வருஷப் பண்டிகை போன ஞாயிறு முடிந்தது. ஏலத்துக்கு நிற்காமல், பேர் எழுதாத கவரில் பணத்தைப் போட்டுவிட்டு வந்தேன். அதையும் இங்கே எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்து, பின்னால் நின்று மனைவி சிரிக்கிறாள்.