ஒப்பந்தப் பணியில் இருந்தவர்களே, "நாங்கள்" என்று எந்த நிறுவனத்தைச் சொன்னீர்கள்?

மூன்று வருடம் ஒரு கிளையண்டின் ஹெல்ப்டெஸ்க்கில் இருந்தேன். சம்பளம் தருவது வெண்டர், அதாவது ஆட்களை அனுப்பும் நிறுவனம். போனை எடுத்தால் சொல்ல வேண்டியது கிளையண்ட் பெயர். கழுத்தில் மட்டும் வேறு நிற அட்டை. "உங்கள் சிஸ்டம் ஏன் இப்படி?" என்று யாராவது கத்தினால், முதல் வருடம் எனக்கு உறைக்கவே இல்லை. அது அவர்கள் சிஸ்டம். எஸ்எல்ஏ எனும் சேவை ஒப்பந்தம் கேட்டது டிக்கெட்டை (புகார்ப் பதிவை) நேரத்துக்கு மூடுவதை, மூடினேன்.

ஒரு படிவம் அடிக்கடி பாதியில் நின்றுவிடும். "மறுபடி முயன்று பாருங்கள்" என்று சொல்லி மூடிவிடுவோம். அதே ஆள் மறுநாள் கூப்பிட்டால் அது புது டிக்கெட். அறிக்கையில் எல்லாம் பச்சை.

அப்புறம் கிளையண்ட் பக்கம் புதிதாக வந்த மேலாளர், வாராந்திரக் கோளாறு ஆய்வுக் கூட்டத்தில் எங்களையும் உட்காரவைத்தார். "தினமும் கேட்பது நீங்கள்தானே, சொல்லுங்கள்" என்றார். அந்த வாரமே, படிவம் எந்தப் பக்கத்தில், எந்த பிரவுசரில் நிற்கிறது என்று குறித்துக் கொடுத்தேன். அப்படிக் குறித்துத் தரச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சரிசெய்தார்கள், அந்த அழைப்புகள் நின்றன. டிக்கெட் மூடும் வேகம் பழையபடிதான் இருந்தது. மாறியது எந்த அறிக்கையிலும் வராத வேலை.

ஃபிரெட் மேயல், பிளேக் ஆஷ்ஃபோர்த் இருவரும் 1992-இல் ஒரு கல்லூரியின் முன்னாள் மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வில் ஒருவர் தன் நிறுவனத்தோடு எவ்வளவு ஒன்றிப்போயிருக்கிறார் என்று பார்க்கும், 6 வாக்கியங்கள் கொண்ட அளவுகோல் வரும். நிறுவனத்தைக் குறை சொன்னால் என்னையே திட்டியதுபோல் இருக்கிறது, 'அவர்கள்' என்று சொல்லாமல் 'நாம்' என்கிறேன் என்பவை அதில் இரண்டு. என் முதல் வருடமும் பிந்தைய நாட்களும் அதில் அப்படியே தெரிந்தன.

மறுமொழி:
என் அனுபவம் கொஞ்சம் வேறு. கட்டடப் பராமரிப்பில் மேற்பார்வை. ஏஜென்சி மூன்று முறை மாறியது, சட்டை நிறம் மாறியது, ஆட்கள் அதே ஆட்கள். "நம்ம பில்டிங்" என்றுதான் சொல்வார்கள். சம்பளம் தாமதமான மாதத்திலும் குழாய் உடைந்தால் ஷிப்ட் முடிந்தும் நின்று பார்த்தார்கள். பாராட்டு வந்தது. கூடுதல் நேரத்துக்கான காசை ஏஜென்சியும் தரவில்லை, கட்டட நிர்வாகமும் தரவில்லை. ஆறு மாதத்தில் நல்ல வேலைக்காரர்கள் இருவர் போய்விட்டார்கள். அந்தப் பற்றைச் சும்மா எடுத்துக்கொண்டார்களே என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை.

மறுமொழி:
உங்கள் ஆட்களுக்கு நடந்தது அநியாயம். எங்களிடமும் அந்தப் பற்று நீடிக்கவில்லை. அந்த மேலாளர் போனதும் "கூட்டம் நிரந்தரப் பணியாளர்களுக்கு மட்டும்" என்றார்கள். நான் குறிப்பு எழுதுவதை விட்டேன். அடுத்த மாத அறிக்கையும் பச்சையாகத்தான் வந்தது.