கீழத்தெரு குடும்பம் குழு: முளைப்பாரிப் பாட்டு யாரோடது?

நான் (இரவு 8:12): அந்த டிடிகே கேசட் ஒருவழியா ஓடிருச்சு. நாடா பூரா பூஞ்சை. ஹெட்டை ஸ்பிரிட் தொட்டுத் தொட்டுத் துடைச்சு மூணு தடவை ஓட்டினேன். 1986 முளைப்பாரி. சித்தி குரல் கணீர்னு இருக்கு.

🎵 ஆடியோ 4:37

நான்: யூடியூப்ல ஏத்தப் போறேன். இசைன்னு யார் பேரு போட?

பெரிய மாமா: இதுல என்ன கேள்வி மாப்ள? மெட்டு என்னுது. மோகன ராகம். ஒரு வாரம் ஆர்மோனியத்துல உக்காந்து போட்டது.

சின்ன மாமா: அண்ணே, மொதல்ல கேளுங்க. அப்புறம் பேசுங்க.

பெரிய மாமா (8:31): கேட்டேன்.

பெரிய மாமா: இது மோகனமே இல்ல, சுத்த சாவேரி ராகமா இருக்கு

சித்தி: 😂😂 இத்தனை வருசமா இதைத்தானே சொல்றேன்

நான்: புரியல. மாமா மோகனத்துல போட்டது எப்படி சுத்த சாவேரி ஆச்சு?

சின்ன மாமா: நான் சொல்றேன் மாப்ள. ஒத்திகை, கோயில் மண்டபத்துல. அண்ணன் ஒரு கட்டையில வாசிக்கிறாரு, கட்டைன்னா சுருதியோட உயரம். தங்கச்சிக்கு அஞ்சு கட்டைதான் சவுகரியம்னு சுருதிப்பெட்டியை நான் அஞ்சுல திறந்து வச்சுட்டேன். அண்ணன்கிட்ட சொல்லல. வெளிய ரேடியோ செட்டுக்காரன் ஜெனரேட்டரைப் போட்டுட்டான், அவருக்குச் சுருதியும் காதுல விழல.

சின்ன மாமா: அஞ்சு கட்டைங்கிறது ஒரு கட்டை மோகனத்துக்குப் பஞ்சமம், அதாவது 'ப'. அந்தப் பஞ்சமத்தை சட்ஜமா, அதாவது 'ச'வா வச்சுக்கிட்டு அதே அஞ்சு சுரத்தை வாசிச்சா சுத்த சாவேரி. கிரக பேதம்னு வித்வானுங்க மேடையில வேணும்னே செய்யறது. நாங்க தெரியாம செஞ்சோம்.

சித்தி: அண்ணன் பல்லவியை அவரோட ஒரு கட்டை சட்ஜமத்துல கொண்டாந்து நிறுத்துறாரு. என் சுருதிக்கு அது மத்திமம், 'ம'. அந்தரத்துல தொங்குற மாதிரி இருந்துச்சு. நானா கீழ இறக்கி அஞ்சு கட்டையில உக்கார வச்சேன். கடைசி வளைவு என்னுது, எழுதிக்கடா.

பெரிய மாமா: அன்னைக்கு இவ தப்பா பாடுறான்னு நான் பெட்டியை மூடிட்டு எந்திரிச்சது உண்மை

சித்தி: எந்திரிச்சது மட்டுமா? வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு டீக்கடைக்குப் போயிட்டீங்க. நாங்க ரெண்டு பேரும் டோலக்கை மட்டும் வச்சு அதையே திரும்பத் திரும்பப் பாடினோம். திரும்பி வந்து வாசல்ல நின்னே ரெண்டு சுற்றுக் கேட்டீங்க. ஒண்ணும் பேசாம வந்து பெட்டியைத் திறந்தீங்க.

சின்ன மாமா: அண்ணன் மொதல்ல எட்டு எண்ணிக்கைத் தாளத்துலதான் போட்டிருந்தாரு, பஜனை மாதிரி. கும்மிக்கு அது ஆகுமா? பொம்பளைங்க குனிஞ்சு நிமிர எடமே இல்ல. தகிட தகிடன்னு மூணு மூணா எண்ணுற திஸ்ரத்துக்கு மாத்துனது நானு.

நான்: பாட்டு வரிகள்? அதுவும் பெரிய மாமாதானே?

பெரிய மாமா: ஆமா

அத்தை: ஆமாவா?

அத்தை: "அகிலாண்ட கோடி பிரபஞ்ச நாயகி"ன்னு எழுதிட்டு வந்தாரு உங்க மாமா. மெட்டோட அளவைச் சொல்ற தத்தகாரம் என்னான்னா தான தான தனன தான தன்னத் தனன தானா. அதுல அகிலாண்டம் எங்க நுழையும்? நான் அப்ப முளைப்பாரிக்குப் பயறு ஊறப் போட்டுக்கிட்டிருந்தேன். கையை முந்தானையில துடைச்சுக்கிட்டே சொன்னேன், "ஊறப் போட்ட பயறு போல உள்ளங் குளிர வாம்மா". அளந்து பாரு, பொருந்தும்.

சித்தி: மதினி!! இது நீங்களா? இத்தனை நாளா அண்ணன்னுல்ல நெனச்சுப் பாடிக்கிட்டிருந்தேன்

அத்தை: கல்யாணமாகி ஆறு மாசம். புதுப்பொண்ணு பாட்டு எழுதுச்சுன்னா ஊர் என்ன சொல்லும்னு உங்கண்ணன்தான் சொன்னாரு.

*பெரிய மாமா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது*

சித்தி: என்னண்ணே போட்டு அழிச்சீங்க

பெரிய மாமா: ஒண்ணுமில்ல. அவ சொன்னது சரிதான்.

நான்: சரி, இப்ப யார் பேரு போட?

சின்ன மாமா: விஸ்வநாதன் - ராமமூர்த்தி மாதிரி போடு மாப்ள. 1952 பணம் படத்துலேருந்து 1965 ஆயிரத்தில் ஒருவன் வரைக்கும் ஒரே கார்டுல ரெண்டு பேரு. எந்த மெட்டு ஆர்மோனியத்துல பொறந்துச்சு, எது வயலின்ல பொறந்துச்சுன்னு எவன் பிரிச்சான்? அதுலயும் வயசுல மூத்தவரு ராமமூர்த்தி, ஆறு வருசம் பெரியவரு. பேரு பின்னாடிதான் வந்துச்சு.

பெரிய மாமா: எங்க சுத்தி எங்க வர்றேன்னு தெரியுதுடா. உன் பேரு முன்னாடி வரணும்

சின்ன மாமா: நான் சொல்லலண்ணே, நீங்களே சொல்றீங்க 😌

பெரிய மாமா: அவங்களும் 65ல பிரிஞ்சாங்க, தெரியும்ல?

சின்ன மாமா: 95ல எங்கிருந்தோ வந்தான் படத்துக்குத் திரும்பச் சேர்ந்தாங்கள்ல?

நான்: நாலு பேரையும் போடுறேன். வரிகள்ல அத்தை பேரு மட்டும், தனியா.

அத்தை: என் முழுப்பேரு போடு. இன்னார் மனைவின்னு போடாத.

பெரிய மாமா (9:48): 🎤 குரல் செய்தி 1:42

பெரிய மாமா: இப்ப வாசிச்சுப் பாத்தேன். சுத்த சாவேரி. கேளுங்க எல்லாரும்

சித்தி: அண்ணே, சுருதிப்பெட்டி ஒரு கட்டையிலயே இருக்கு. இது மோகனம்.

அத்தை: பக்கத்து வீட்டு நாய் ஊளையிடுது. யாராவது போன் பண்ணி அந்தப் பெட்டியை மூடச் சொல்லுங்க.