சுகர் மாத்திரை போட்டுட்டு ஏற்காடு மலை ஏறுறேன், பாதி வழில கை நடுங்குது, மேல போய் பாத்தா 268 காட்டுது, என்னங்க இது?

ஸ்டியரிங்_சேலத்தான்:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. நமக்கு அஸ்தம்பட்டி பக்கம், டெம்போ டிராவலர் ஓட்டுறேன், ஓனர் வண்டி. வயசு 44, சுகர் வந்து அஞ்சு வருசம் ஆச்சு. கிளிமிபிரைடும் மெட்பார்மினும் சேர்ந்த மாத்திரை காலைல ஒண்ணு நைட்டு ஒண்ணு. போன மாசம் ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர் டெஸ்ட்) 9.1 வந்துச்சு, டாக்டர் நல்லா திட்டிட்டு காலை மாத்திரைல டோஸ் ஏத்தி எழுதிட்டாரு.

சீசன் ஆரம்பிச்சதுல இருந்து டெய்லி ஏற்காடு டிரிப்தான். ஆறு மணிக்கெல்லாம் ஜங்ஷன்ல நிக்கணும், பார்ட்டி வந்து குளிச்சு டிபன் சாப்ட்டு கெளம்பவே எட்டு ஆயிடும். அவங்க சாப்புடுவாங்க, நான் சாப்புட மாட்டேன், ஏன்னா டாக்டர் திட்டுனதுல இருந்து சுகர் ஏறிடக் கூடாதுன்னு காலை டிபனையே கட் பண்ணிட்டு மாத்திரையும் வெறும் டீயும் மட்டும்தான், மேல போய் பதினொரு மணிக்குதான் வயித்துக்கு ஏதாச்சும்.

போன ஞாயித்துக்கெழமை பன்னெண்டாவது வளைவு திரும்பி ஏறும்போது கழுத்துல இருந்து முதுகு வரைக்கும் சட்டை நனைஞ்சு போச்சு. வெளிய பனி, ஏசியும் ஓடுது, எனக்கு மட்டும் வேர்வை. கியர் மாத்துற கை தந்தியடிக்குது. மேலருந்து எறங்கற பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான், அது கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி கேக்குது. எப்படி ஓரங்கட்டி ஹேண்ட்பிரேக் போட்டேன்னே தெரியல. "இன்ஜின் சூடாயிருச்சு சார், பத்து நிமிசம் ஆறட்டும்"னு பொய் சொல்லிட்டு, பின்னாடி சீட்ல ஒரு பாப்பா வச்சிருந்த மாம்பழ ஜூஸ் பாக்கெட்டை கேட்டு வாங்கி குடிச்சேன். கொழந்தைகிட்ட போய் கையேந்துனது அவ்ளோ வெக்கமா இருந்துச்சு. பத்து நிமிசத்துல சரியாச்சு, மறுபடி ஏறிட்டேன்.

மேல லேக் கிட்ட ரெண்டு ஆரஞ்சு உரிச்சு தின்னுட்டு மிஷின்ல குத்திப் பாத்தா 268! லோ சுகர்னு நெனச்சேன், இது ஹையால்ல இருக்கு? காலை மாத்திரைய விட்டுடலாமா? ஓனருக்கு தெரிஞ்சா வண்டிய வாங்கிடுவாரோன்னு வெசனமா இருக்கு.

பச்சிலை_பிரியன்:
அண்ணா மாத்திரையே வேணாம்ணா எல்லாம் கெமிக்கல். ஆவாரம்பூ கஷாயமும் சிறியாநங்கை பொடியும் ஒரு மண்டலம் எடுங்க, எங்க மாமா மாத்திரைய தூக்கி போட்டுட்டாரு.

வார்டு_அக்கா:
பச்சிலை தம்பி, உங்க மாமா வண்டில பதினாலு பேரை ஏத்திக்கிட்டு இருவது வளைவு ஏறலையே. ஆவாரம்பூ டீ குடிக்கிறது உங்க இஷ்டம், ஆனா ஓட்டுறவரை மாத்திரைய தூக்கி போடச் சொல்லாதீங்க.

ஸ்டியரிங் தம்பி, நான் ஆரம்ப சுகாதார நிலையத்துல சுகர் பிபி பேஷன்ட்ஸ் பாக்குற நர்ஸ். உங்களுக்கு வந்தது லோ சுகர்தான், சந்தேகமே வேணாம். வேர்வை, நடுக்கம், காது அடைக்கிறது, இனிப்பு குடிச்சதும் பத்து நிமிசத்துல தெளியறது, எல்லாம் அதோட கைவரிசை. கிளிமிபிரைடு என்ன பண்ணும்னா நீங்க சாப்ட்டாலும் சாப்டலைனாலும் கணையத்தை அமுக்கி இன்சுலின சுரக்க வச்சுட்டே இருக்கும். வெறும் மெட்பார்மின் மட்டும் போடுறவங்களுக்கு இப்டி ஆகுறது ரொம்ப அபூர்வம். டோஸ் ஏத்துனாங்க, நீங்க டிபனை நிறுத்துனீங்க, ரெண்டும் சேர்ந்து மலைல மாட்டிவிட்டுருச்சு. சாப்புடாம அந்த மாத்திரைய போடவே கூடாது, முதல் வாய் இட்லியோட போடணும்.

268 எப்படி வந்துச்சுன்னா, ஜூஸும் ஆரஞ்சும் உள்ள போயிருக்கு, அது ஒரு பக்கம். இன்னொண்ணு, ஆரஞ்சு உரிச்ச வெரலை கழுவாமதானே குத்துனீங்க? தோல்ல ஒட்டியிருக்கற பழச்சாறு ரத்தத்தோட கலந்து நம்பரை ஏத்திக் காட்டும். கையில தேய்க்கிற சானிடைசர் பத்தாது, தண்ணி விட்டு கழுவி தொடச்சுட்டு குத்துங்க. பனில வெரல் வெறச்சுப் போய் ரத்தம் வரலைனா உள்ளங்கைய நல்லா தேச்சுட்டு வெரலோட பக்கவாட்டுல குத்துங்க, நடுவுல குத்துனா ஸ்டியரிங் பிடிக்க வலிக்கும். ஸ்டிரிப் டப்பாவ டேஷ்போர்டு மேல வெயில்ல வச்சிருந்தீங்கன்னா அந்த ஸ்டிரிப்பையே நம்ப முடியாது.

அடுத்த தடவை வந்தா (வரக் கூடாது) உடனே ஓரங்கட்டுங்க. 70க்கு கீழ இருந்தா 15 கிராம் சக்கரை, அதாவது வழிச்ச ஸ்பூனால மூணு ஸ்பூன் குளுக்கோஸோ சீனியோ தண்ணில கலக்கி குடிங்க. மிஷின் எடுக்க நேரமில்லைனா முதல்ல குடிங்க, அப்பறம் பாக்கலாம். சாக்லேட் வேணாம், அதுல இருக்கற கொழுப்பு சக்கரை ஏறுறத மெதுவாக்கிடும். டயட் கோலால சக்கரையே கிடையாது. 15 நிமிசம் கழிச்சு மறுபடி பாருங்க, ஏறலைனா இன்னொரு ரவுண்டு. ஏறினதும் பிஸ்கட்டோ இட்லியோ கட்டாயம் சாப்புடணும், அந்த மாத்திரை நாள் முழுக்க வேலை செய்யும், மறுபடி இழுத்து விட்டுரும்.

கை நடுக்கம் நின்னதும் வண்டிய எடுத்தீங்க பாருங்க, அதுதான் எனக்கு பயமா இருக்கு. சுகர் ஏறுனாலும் மூளை தெளிய நேரமாகும். இங்கிலாந்துல ஓட்டுறவங்களுக்கு சொல்ற கணக்கு, நம்ம அளவுல 90க்கு மேல இருந்தாதான் ஸ்டியரிங்கே பிடிக்கணும், லோ ஆனா சுகர் சரியானதுக்கப்பறம் 45 நிமிசம் கழிச்சுதான் எடுக்கணும். மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட "நான் மலை வண்டி ஓட்டுறேன்"னு வாயத் தொறந்து சொல்லுங்க. சுகரை தாழ விடாத மாத்திரைங்க இருக்கு. வில்டாகிளிப்டின் மாதிரி, 2019 கடைசில பேட்டன்ட் முடிஞ்சப்பறம் விலையும் நல்லா கொறைஞ்சிருச்சு. உங்களுக்கு எது ஒத்து வரும்னு அவருதான் சொல்லணும்.

கொலுசுபட்டறை:
செவ்வாப்பேட்டைல கொலுசுக்கு நெருப்புல பத்த வச்சு ஒட்டுற வேலை. எனக்கு சுகரோட பிபிக்கு அட்டினலாலும் குடுத்திருந்தாங்க. அது போட்டா லோ ஆகும்போது நடுக்கம் படபடப்பு ஒண்ணும் தெரியாது, வேர்வை மட்டும்தான் வரும். நெருப்புக்கு முன்னாடி உக்காந்திருக்கறவனுக்கு வேர்வைல என்னத்த கண்டுபிடிக்கறது சொல்லுங்க. நீங்களும் பிபி மாத்திரை எடுக்கறீங்களான்னு பாத்துக்கங்க.

ரிட்டயர்டு_டிரைவர்:
தம்பி, இருவத்தாறு வருசம் பஸ் ஓட்டுனவன், அதுல பாதி மலை ரூட். அக்கா சொன்னதுக்கு மேல மருந்தப் பத்தி நான் பேசல. வண்டிக்குள்ள எப்படின்னு மட்டும் சொல்றேன்.

குளுக்கோஸை டேஷ்போர்டு பெட்டில வைக்காத, கை நடுங்கும்போது அந்த லாக்கை தொறக்க முடியாது, எனக்கு ஆயிருக்கு. சட்டை மேல்பாக்கெட்ல பொட்டலமா வச்சுக்க. தண்ணி பாட்டில் சீட்டுக்கு எடது பக்கம். அப்பறம் மேல பாத்ரூமுக்கு அலையணுமேன்னு நம்மாளுங்க தண்ணியே குடிக்க மாட்டாங்க, அதையும் விடு.

டிபனுக்கு நேரமில்லைங்கறதெல்லாம் சும்மா. வீட்டுல இருந்து நாலு இட்லி பொடி தடவி டப்பால வாங்கிக்க, அடிவாரத்துல செக்போஸ்ட்டுக்கு முன்னாடி வண்டிய நிறுத்து, டயரை தட்டிப் பாக்கற மாதிரி எறங்கு, வெரல்ல குத்திப் பாரு, தின்னு, மாத்திரைய போடு, அப்பறம் ஏறு. கோடை விழா கூட்டத்துல எறங்கறப்ப குப்பனூர் பக்கம் திருப்பி விட்டா எத்தன மணி நேரம் நிப்பேன்னு உனக்கே தெரியும், அதுக்குன்னு தனியா ஒரு பிஸ்கட் பாக்கெட் இருக்கட்டும்.

இன்னொண்ணு. ஒரு நாள் எறங்கும்போது என் எடது கால் செருப்பு கழண்டு கிளட்சுக்கு அடியில போயிருச்சு, எனக்கு தெரியவே இல்ல, கண்டக்டர் பாத்து கத்துனான். காலு மரத்துப் போயிருந்துச்சு, சுகருதான். அன்னைக்கோட மலை ரூட்டு வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன். நீ வருசத்துக்கு ஒருக்கா காலையும் கண்ணையும் காட்டு, ஷூ போட்டு ஓட்டு.

ஓனர்கிட்ட சொல்லு. மறைச்சு ஒரு நாள் பள்ளத்துல விட்டா அவன் வண்டி மட்டுமா போகும்? அந்த ஜூஸ் குடுத்த பாப்பாவும் உள்ளதான் உக்காந்திருந்துச்சு.

ஸ்டியரிங்_சேலத்தான்:
அய்யா அந்த கடைசி வரி ரெண்டு நாளா தூங்க விடல.

டாக்டர பாத்துட்டேன். டிபனை நிறுத்துனத சொன்னதும் பேனாவ கீழ வச்சுட்டாரு, "நான் அரிசிய கொறைக்க சொன்னேன், பட்டினி கெடக்கவா சொன்னேன்"ன்னு. கிளிமிபிரைடு எடுத்துட்டு வேற மாத்திரை மாத்திக் குடுத்திருக்காரு, பத்து நாளைக்கு நோட்டுல நம்பர் எழுதிட்டு வரச் சொல்லியிருக்காரு. பிபி மாத்திரை இல்லைங்க கொலுசு அண்ணே.

ஓனர் ஒரு நிமிசம் ஒண்ணும் பேசல. அப்பறம் "எனக்கும் மூணு வருசமா இருக்குய்யா, நீ எந்த டாக்டர்கிட்ட பாக்குற"ன்னாரு. நம்பர் செட்டாகுற வரைக்கும் மலைக்கு வேற ஆளு, எனக்கு மேட்டூர், நாமக்கல் டிரிப்பு. பேட்டாதான் கொறையும். இன்னைக்கு காலைல கை கழுவிட்டு பாத்தேன், 134. இட்லி நாலு ஜாஸ்தியா அக்கா, மூணு போதுமா?