வீட்ல ஜப்பான் சாப்பாடு செய்யணும், எதுல இருந்து ஆரம்பிக்கிறது?

ராயபுரம்_மாடிவீடு:
வணக்கம் மக்களே. ஒரே காம்பவுண்டுல நாலு குடித்தனம் நாங்க. பசங்க அனிமே பாத்துட்டு அந்த முக்கோணமா பிடிச்ச சோறு இருக்கே, ஒனிகிரி, அது வேணும்னு ஒரே பிடிவாதம். சரின்னு போன ஞாயித்துக்கிழமை நாலு வீடும் சேந்து மொட்டை மாடில செஞ்சோம். புழுங்கரிசி சோத்த நல்லா வடிச்சு ஆற வச்சு வினிகர் ஊத்தி பிடிச்சா, கைய எடுத்ததும் பொலபொலன்னு உதிர்ந்து போச்சு, கடைக்குட்டி அழுதே அழுதுடுச்சு. சூப்பும் சோயா சாஸ் கரைச்ச தண்ணி மாதிரி வெறும் உப்பு. கட்சுவோபுஷின்னு மீன் சீவல் போடச் சொல்றாங்க, ஆன்லைன்ல விலைய பாத்து மூடி வச்சுட்டேன். ஒரு வீடு சுத்த சைவம் வேற. எங்க மாமியார் பச்சை மீன் மட்டும் கூடவே கூடாதுன்னுட்டாங்க. ஆனா எனக்கு இதை விட மனசே வரல, நாலு வீட்டு ஆளுங்களும் ஒன்னா உக்காந்து சமைச்சு எத்தனையோ வருஷம் ஆச்சு. தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

காசிமேடு_ஐஸ்பெட்டி:
அக்கா, எங்க வீட்ல மூணு தலைமுறையா மீன் யாவாரம். பச்சை மீன் விஷயத்துல உங்க மாமியார் சொல்றதுதான் சரி. இங்க வர்றது கொழம்புக்கும் வறுவலுக்கும்னு பிடிக்கிற மீனு, பச்சையா துன்றதுக்குன்னு யாரும் அத தனியா பாதுகாக்கறதில்ல. அதுலயும் சூரை, காணாங்கெளுத்தி எல்லாம் ஐஸ் இல்லாம கிடந்தா உள்ளுக்குள்ள ஹிஸ்டமின் ஏறிடும், அப்புறம் எவ்ளோ வேக வச்சாலும் அது போகாது, தின்னா மூஞ்சி சிவந்து தடிச்சிடும். காலைல சீக்கிரமா வந்து, ஐஸ்ல இருக்கறத வாங்கி ஐஸோடயே எடுத்துட்டு போங்க.

அப்புறம் அந்த கட்சுவோபுஷி. அது இன்னாது தெரியுமா, வயித்துல வரி ஓடுமே அந்த சூரை மீனு, அத அவிச்சு புகை போட்டு கட்டையாட்டம் காய வைக்கிறது. நம்ம மாசிக் கருவாடும் அதே மீனு, ஏறக்குறைய அதே வேலை, மாலத்தீவுலயும் மினிக்காய்லயும் காலங்காலமா செய்றாங்க. கருவாட்டுக் கடைல மாசின்னு கேளுங்க, எப்பவும் இருக்காது, சொல்லி வச்சா எடுத்துத் தருவாங்க. தட்டினா மரக்கட்டை மாதிரி டக்குன்னு சத்தம் வரணும், அமுக்கினா நசுங்குச்சுன்னா வாங்காதீங்க.

நிஷிகசாய்_ரிட்டர்ன்:
ஐஸ்பெட்டி ப்ரோ சொன்னது ரொம்ப முக்கியமான பாயின்ட். டோக்கியோல நிஷி-கசாய் பக்கம் 5 வருஷம் இருந்தேன், அங்க எனக்கு புரிஞ்சது ஒன்னுதான், அவங்க சமையலுக்கு அடித்தளம் சுஷி இல்ல, தாஷின்னு ஒரு தண்ணி. நமக்கு புளித்தண்ணி மாதிரி. அது சரியா வந்துட்டா பாதி வேலை முடிஞ்சுது. 1 லிட்டர் தண்ணில 10 கிராம் கொம்பு, அதாவது காஞ்ச கடல்பாசி, அரைமணி நேரம் ஊற வச்சு சின்னத் தீல சூடு பண்ணி கொதிக்கறதுக்கு முன்னாடி எடுத்துடணும், இல்லன்னா கொழகொழன்னு ஆயிடும். அப்புறம் மீன் சீவல போட்டு உடனே அடுப்ப அணைச்சு, அது அடில உக்காந்ததும் வடிகட்டிடுங்க. மாசின்னா உப்பு ஜாஸ்தி, அதனால அம்மில தட்டி ஒரு கைப்பிடி போதும், சோயா சாஸ் கடைசில சொட்டு சொட்டா. மிசோ, அதாவது சோயா பீன்ஸ புளிக்க வச்ச விழுது, கிடைச்சா அடுப்ப அணைச்ச பிறகுதான் கரைக்கணும், கொதிச்சா வாசனை போயிடும்.

சைவ வீட்டுக்கு தனிப் பாத்திரத்துல கொம்பும் காஞ்ச ஷீட்டாகே காளானும் மட்டும். ஒன்னும் குறைச்சல் இல்ல, ஜப்பான் புத்த மடங்கள்ல மீனே இல்லாம இப்படித்தான் சமைக்கிறாங்க. 1908ல இகேடா கிகுனாயேங்கற புரொஃபசர் உமாமிங்கற ருசிய கண்டுபிடிச்சதே இந்த கொம்பு தண்ணில இருந்துதான்.

சோறு உதிர்ந்ததுக்கு காரணம் புழுங்கரிசியும் வடிச்சதும், ஒட்டுற பசை எல்லாம் கஞ்சியோட போயிடுச்சு. பொன்னி பச்சரிசி வாங்குங்க, புது அரிசியா பாத்து. பழசுதான் உதிரியா வரும். அரைமணி ஊற வச்சு, வடிக்காம, மூடி போட்டு தண்ணி வத்த வேக விடுங்க. வினிகர் சுஷி சோத்துக்குத்தான், ஒனிகிரிக்கு வேண்டாம். சூடா இருக்கும்போதே கைல தண்ணி தொட்டு உப்பு தடவி பிடிக்கணும்.

மீனுக்கு காணாங்கெளுத்தி. உப்பு தடவி 20 நிமிஷம் வச்சா தண்ணி விடும், அத துணியால ஒத்தி எடுத்துட்டு சுடுங்க, கவிச்சி அந்த தண்ணியோடயே போயிடும். பக்கத்துல முள்ளங்கி துருவி வைங்க.

வியாசர்பாடி_அத்தோ:
நம்ம ஊருக்கு இதெல்லாம் புதுசே இல்லப்பா. 1960கள்ல பர்மால இருந்து எங்க தாத்தா மாதிரி ஆளுங்க திரும்பி வந்தப்பவே நூடுல்ஸும் மீன் சாறும் வடசென்னைக்கு வந்துடுச்சு. மொய்ங்கா, அதான் அந்த மீன் சாறு நூடுல்ஸ், குடிச்சு வளந்த பசங்களுக்கு ஜப்பான் நூடுல்ஸ் சூப்பு ராமென் கண்டிப்பா பிடிக்கும். சைவ வீட்டு ஒனிகிரிக்குள்ள நார்த்தங்கா ஊறுகாய் ஒரு துண்டு வச்சுப் பாருங்க, அங்க புளிப்பும் உப்புமா உமேபோஷின்னு ஒன்னு வைப்பாங்கல்ல, அந்த இடத்துக்கு இது அப்படியே பொருந்தும்.

ராயபுரம்_மாடிவீடு:
எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, நேத்து செஞ்சோம்! மாசி உடனே கிடைக்கல, கடைக்காரர் நாலு நாள் கழிச்சு எடுத்துக் குடுத்தார். எங்க மாமியார் அத கைல வாங்கினதும் மோந்து பாத்துட்டு, குடு இங்கன்னு அம்மிக் குழவியால நாலு தட்டு தட்டி உடைச்சாங்க, உள்ள கருஞ்சிவப்பா கண்ணாடி மாதிரி மின்னுச்சு. அந்த தண்ணில உப்பு, சோயா சாஸ் கொஞ்சம், முருங்கைக்கீரை நாலு இணுக்கு, அவ்ளோதான் போட்டேன், புகை வாசனையோட தொண்டைல இதமா இறங்குச்சு. போன வாரம் அழுத பொண்ணு கைல உப்புத் தண்ணி தொட்டு தொட்டு ஒன்னு பிடிச்சா, முக்கோணம் வரல, கொழுக்கட்டை மாதிரி உருண்டையா வந்துச்சு, ஆனா உதிரல, அத எடுத்துட்டு நேரா சைவ வீட்டுப் பாட்டிகிட்ட ஓடினா. அவங்க நார்த்தங்கா வச்சு மூணு சாப்பிட்டாங்க. மீனும் முள்ளங்கியும் தட்டு காலி.

மாசி இன்னும் அரைக்கட்டை இருக்கு. வர்ற ஞாயிறு நூடுல்ஸ் போடலாம்னு எல்லாரும் சொல்றாங்க, அதே தண்ணில கொஞ்சம் வாழத்தண்டு சேக்கலாமா? அத்தோ, எப்ப போடணும்னு மட்டும் சொல்லுங்க.